வாய் தெரியப் பேச வேண்டும்

வாய் தெரியாமல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுகிறவர்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசும் மருமகள்கள், அந்தப் பக்கம் பார்த்தபடியே பதில் சொல்லும் தாலுகா கச்சேரிக் குமாஸ்தாக்கள், எல்லாரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தகப்பனாரிடமே, "வெத்திலயத் துப்பிட்டு வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டேன். சம்பந்தம் முறிந்துபோகாதது கர்த்தருடைய கிருபை. என்ன செய்ய, என் ஆயுசில் பெரும்பகுதி காது கேளாத பிள்ளைகளோடு போயிற்று. எதிரில் நிற்பவரின் உதடு எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை, பழக்கம்தான்.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தபோது பாளையங்கோட்டையில் உபாத்தினிப் பயிற்சி முடித்தேன். கூடப் படித்தவர்கள் அவரவர் ஊர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள். என்னைக் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். அம்மா அழுதாள்.

"காது கேக்க பிள்ளைகளுக்கே பாடம் ஏறமாட்டேங்கு. இதுககிட்டப் போயி என்னத்தக் கத்தப் போற?"

கத்துவதற்கு அங்கே வேலையே இல்லை என்பது அப்போது எனக்கும் தெரியாது.

அந்த வகுப்பறை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல். வெளியே வேப்பமரம். பிள்ளைகள் ஜன்னலுக்கு முதுகு காட்டி அரைவட்டமாக உட்காருவார்கள், வெயில் என் முகத்தில் விழும்படி நான் அவர்களுக்கு எதிரே உட்காருவேன். பாடம் என்றால் தொட்டுப் பார்க்கிற பாடம். நான் ஒரு எழுத்தைச் சொல்லுவேன், பிள்ளை என் தொண்டையில் கையை வைத்து அதன் அதிர்வைப் பார்க்கும். பிறகு தன் தொண்டையில் வைத்துப் பார்த்து, அதே அதிர்வைத் தேடும். 'ப' சொன்னால் உள்ளங்கையில் வைத்த கோழி இறகு பறக்க வேண்டும், 'ம' சொன்னால் மூக்கு நடுங்க வேண்டும். காலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்த ஈரக் கைகள், எண்ணெய்ப் பிசுக்குள்ள கைகள், மாங்காய் மணக்கும் கைகள், எத்தனை கைகள் என் கழுத்தில் இருந்திருக்கின்றன! எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கழுத்தில் ஒன்றும் ஏறவில்லையே என்று சொந்தக்காரர்கள் குறைப்படும்போதெல்லாம் நான் அந்தக் கைகளைத்தான் நினைத்துக்கொள்வேன், சிரிப்பாக வரும்.

முதல் வருஷம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளைக்குப் புரியாவிட்டால் சொன்னதையே பெரிதாகச் சொல்லுவேன். அதற்கும் புரியாவிட்டால் இன்னும் பெரிதாக. தெருவில் போகிறவர்கள் ஜன்னலில் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பிள்ளைகளோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை ஓடியது. ஆதியிலிருந்து கடவுளும் மனுஷனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். மலையிலிருந்து கூப்பிட்டார், மேகத்திலிருந்து கூப்பிட்டார், தீர்க்கதரிசிகளை விட்டுக் கூப்பிட்டார். ஒருவன் காதிலும் விழவில்லை. அப்புறம் என்ன செய்தார்? இன்னும் சத்தமாகக் கத்தவில்லை. இறங்கி வந்து, நாம் பார்க்கும்படி முகத்தைக் காட்டினார். நான் அந்த ஆராதனையில் அதற்குப்பின் ஒன்றும் கேட்கவில்லை. என் உத்தியோகம் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விடுமுறை முடிந்ததும் வகுப்பில் ஒரு சட்டம் போட்டேன். பாடம் தெரியவில்லை என்றால் பிள்ளை தன் கண்ணைத் தொட்டுக்காட்டிக் கையை ஆட்ட வேண்டும். உடனே நகர வேண்டியது நான். நான் கிட்டே போக வேண்டும், குனிய வேண்டும், வெளிச்சத்துக்கு வர வேண்டும். தெரியாததற்குப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. மற்ற உபாத்தினிகள் கேலி செய்தார்கள், பிள்ளைகள் கையை ஆட்டினால் நான் கழுதை மாதிரி ஓடுகிறேனாம். ஓடத்தான் செய்தேன். அவர்களுடைய வகுப்புகளைவிட என் வகுப்பில் பேச்சு சீக்கிரம் வந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என்னிடம் படித்தவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். கொற்கைக்குப் பக்கத்தில், ஆறு கடலை நெருங்குகிற கீழ்க்கோடியில் அவளுடைய ஊர். தகப்பன் இல்லை. தாய் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவள். பாவாடை நுனியைச் சப்பிக்கொண்டு வந்த சிறு பிள்ளை என் கண்முன்னே வளர்ந்து பெரியவளானாள். பிடிவாதக்காரி. ஒரு எழுத்து வரவில்லை என்றால் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். எழுதவும் படிக்கவும் நன்றாக வரும், தையல் வரும், ஆனால் அவளுக்குப் பெருமையெல்லாம் தன் பேச்சின் மேல்தான். கேட்க அழகான பேச்சு இல்லை, பாரவண்டி மேடு ஏறுவதுபோல் முக்கி முனகித்தான் வரும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் உருப்படியாக இருக்கும்.

படிப்பு முடிந்து ஊருக்குப் போகிற சமயத்தில் அவளுக்குத் திடப்படுத்தல் ஆகவில்லை. சிறு வயதில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தன் வாயாலே சொல்ல, அத்தியட்சர், அதாவது பிஷப், தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற இராப்போஜனத்துக்குப் போகலாம். பாளையங்கோட்டையிலேயே முடித்துவிடலாம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். ஊரில்தான், அம்மாவுக்குப் பக்கத்தில்தான் என்று சைகையிலும் சொன்னாள், வாயாலும் சொன்னாள். அத்தியட்சர் அந்தப் பக்கம் வருவது அபூர்வம். வருகிற சித்திரையில் வருகிறார் என்று தெரிந்ததும் சந்தோஷமாக அனுப்பிவைத்தேன்.

பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிந்த கையோடு அவள் தாய் நடந்தே பாளையங்கோட்டைக்கு வந்து நின்றாள். காலெல்லாம் புழுதி.

"பிள்ளைக்குத் திடப்படுத்தல் கெடையாதாம், வாத்தியாரம்மா. ஐயரு கேட்ட கேள்விக்கு ஒண்ணுக்கும் வாயத் தொறக்கலியாம். செபத்துல கண்ண மூடலியாம். மூப்பரு அண்ணாச்சி எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாவ."

எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்றும், சபைக் காரியங்களைப் பார்க்கும் ஊர்ப் பெரியவரை மூப்பர் என்றும் சொல்லுவோம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், அழாதே என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நான் இருக்கந்தண்டியும் சரி. எனக்குப் பொறவு இவள யாரு ஒரு ஆளா மதிப்பா? ஊமச்சின்னு ஒதுக்கிப் போட்டுருவாவ. மத்த பிள்ளைகளோட இவளும் முட்டுப்போட்டு ராப்போசனம் வாங்கிட்டாண்ணா ஊரு ஒத்துக்கிடும். அதுக்குத்தான் கெடந்து அலையுதேன்."

மறுநாளே லீவு சொல்லிவிட்டு அவளோடு வில்வண்டியில் கிளம்பினேன். ஸ்ரீவைகுண்டம் வரை வாழைத் தோட்டங்களும் வாய்க்காலும் கூடவே வந்தன. அறுத்த வயல்களில் வாத்துக் கூட்டம் மேய்ந்தது. வேறு சமயமானால் வண்டியை நிறுத்தி இறங்கி வாய்க்காலில் காலை நனைத்திருப்பேன். அன்றைக்கு ஐயரிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என் பக்கத்துப் பேச்சு எல்லாமே வெகு நன்றாக இருந்தது.

ஐயர் நல்ல மனிதர். காலராக் காலத்தில் யாரும் தொடப் பயந்த பிணங்களை இவரே தூக்கிப்போய் அடக்கம் பண்ணியவர். அவரிடம் குறை என்று பார்த்தால் மீசை ஒன்றுதான். கூரையின் இறவாரம் தாழ இறங்கினதுபோல அது இரண்டு உதட்டையும் மூடிக்கொண்டு கிடந்தது. குரல் மட்டும் உள்ளேயிருந்து வரும். பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த முகத்தில் அவள் எதைப் படிப்பாள்?

ஐயருக்குப் பக்கத்தில் மூப்பர் உட்கார்ந்திருந்தார். முதலில் பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

"ஒங்க பள்ளியில செபத்துக்குக் கண்ண மூடக்கூடச் சொல்லிக் குடுக்கதில்லியா? நான் கவனிச்சிக்கிட்டேதான் இருந்தேன், அந்தப் பிள்ள கண்ணச் சிமிட்டக்கூட இல்ல."

"அப்பம் நீங்களும் கண்ண மூடலியே, அண்ணாச்சி" என்றேன்.

ஐயரின் மீசைக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. காது கேளாத பிள்ளை கண்ணை மூடினால் ஜெபமே அவளுக்கு இல்லாமல் போய்விடும், எங்கள் பள்ளியில் எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிக்கிறோம் என்று விளக்கிச் சொன்னேன். ஐயர் கேட்டுக்கொண்டார். அது நியாயந்தான் என்றார். பிறகு, பிள்ளையைக் கூப்பிடுங்கள், நீங்கள் இருக்கும்போதே மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அவள் வந்து எதிரே நின்றாள். ஐயர் கேள்வியைக் கேட்டார். அவள் அந்த மீசையையே உற்றுப் பார்த்தாள், பார்த்தாள், பிறகு கண்ணைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினாள். என் வகுப்பில் எத்தனையோ வருஷம் ஆட்டிய கை. நானே எழுந்து கிட்டே போகப் பார்த்தேன். அதற்குள் ஐயர், "சிலேட்டுல எழுதிக் குடுத்திருவோம். பதில அவ எழுதட்டும், போதும்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. காரியம் முடிந்தது, பொழுதோடு ஊருக்குக் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

அவள் சிலேட்டை வாங்கிக் கேள்வியைப் படித்தாள். அப்புறம் அதைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். ஐயரைச் சுட்டிக் காட்டினாள். ஆள்காட்டி விரலை நீட்டித் தன் மேலுதட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு சிரைப்பு, அந்தப் பக்கமிருந்து இன்னொரு சிரைப்பு. சிரைத்ததைக் கையில் எடுத்து ஊதியும் விட்டாள்.

"ஏட்டி!" என்று மூப்பர் எழுந்துவிட்டார். தாய் வாசலில் நின்று முகத்தை மூடிக்கொண்டாள். தெரியாவிட்டால் கேள், நகர வேண்டியது எதிராளி என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். அந்தப் பாடம் ஒரு குருவானவரின் மீசை வரைக்கும் போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பயம் வந்தது. சிரிப்பும் வந்தது.

"என்ன சொல்லுதா?" என்றார் ஐயர். சின்னக் குழந்தைக்கும் புரிந்திருக்கும்.

"ஒங்க வாய் தெரியலன்னு சொல்லுதா, ஐயா."

"அதுக்குத்தான சிலேட்டு குடுத்தேன்?"

வண்டியில் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "தேவனும் மொதல்ல நமக்குப் பத்துக் கட்டளையக் கற்பலகையிலதான எழுதிக் குடுத்தாரு, ஐயா? அது பத்தலன்னுதான நேர்ல வந்தாரு?"

மூப்பர், ஒரு பொம்பளை ஐயருக்கே வேதம் சொல்லிக்கொடுக்கிறாளே என்று முனகினார். ஐயர் எழுந்தார். நாளைக் காலையில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அந்தத் தாயின் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் ஒருத்திதான் நிம்மதியாகச் சாப்பிட்டு, என் பங்குக் கருவாட்டையும் எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் தெருவில் ஒரே பரபரப்பு. பெண்கள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு ஐயர் வீட்டை நோக்கி ஓடினார்கள். என்னவென்று கேட்டால், "ஐயரு வீட்டுல துட்டியாம்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் துட்டி என்றால் சாவு. பெற்றவர்கள் போனால்தான் அங்கே ஆண்பிள்ளை மீசையை எடுப்பான். சபைக்கு வந்து தலைமுறைகள் ஆகியும் அந்த எண்ணம் மட்டும் போகவில்லை. அதிகாலையில் ஐயர் நாவிதரைக் கூப்பிட்டுவிட்டார் என்பது அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

நாங்கள் போனபோது ஐயர் தம் வீட்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. மீசை இருந்த இடம் வெளுத்துப்போய், மெல்லிய, கொஞ்சம் கோணலான ஒரு வாய். இத்தனை பெரிய மனிதருக்கு இப்படி ஒரு கூச்சமான வாயா என்று இருந்தது. மூப்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவுக எல்லாம் முந்தியே போயிட்டாவளே, ஐயரே, இப்பம் யாரு தவறிட்டாவ? அடக்கம் எங்கன?"

"இங்கனதான் வே" என்றார் ஐயர். "அடக்கம் பண்ணினது மீசைய மட்டுந்தான். எல்லாரும் அழுவய நிறுத்திட்டுப் பைய வீட்டுக்குப் போங்க. எனக்குப் பரீட்ச இருக்கு."

நாற்காலியை அவரே தூக்கிப்போய் வெயில் படுகிற பக்கமாகப் போட்டுக்கொண்டார். அவளைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக் கேள்வியைக் கேட்டார். அவளுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை, கையை ஆட்டினாள். ஐயர் நாற்காலியை முன்னே நகர்த்திக்கொண்டு மறுபடி கேட்டார். அவள் பதில் சொன்னாள். விசுவாசப் பிரமாணத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் அந்தப் பாரவண்டிக் குரலில், ஓர் எழுத்தையும் விழுங்காமல் சொல்லி முடித்தாள். துட்டிக்கு வந்த பெண்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை, எல்லாரும் நின்று கேட்டார்கள். ஊமை என்று அவர்கள் சொன்ன பெண். எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

சித்திரையில் திடப்படுத்தலுக்கு மறுபடியும் போனேன். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அத்தியட்சர் பொதுவாகக் கேள்வியைக் கேட்டதும், ஐயர் அவளுக்கு எதிரே வந்து நின்று அதையே சத்தமில்லாமல் வாயசைத்துச் சொன்னார். எல்லாரும் ஆம் என்று சொல்லி முடித்தபிறகு, தனியாக ஒரு ஆம் கோயில் முழுக்கக் கேட்டது. அத்தியட்சர் அவள் தலையில் கைவைத்தபோது மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதரிடம் எனக்கு அன்றோடு கோபம் தீர்ந்தது.

பிறகு இராப்போஜனம். பெண்கள் பீடத்தின் முன்னே மரத் தடுப்பான கிராதியண்டை முழங்காலிட்டார்கள். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில். நான் அவர்களுக்கு அடுத்து. அத்தியட்சர் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டு போக, பின்னால் ஐயர் திராட்சரசப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். 'கிறிஸ்துவின் இரத்தம் உனக்காகச் சிந்தப்பட்டது' என்று, ஒவ்வொருவருக்கும் 'உனக்காக' என்று தனித்தனியே சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவை. ஆனால் வரிசை நீளமாக இருந்தால் குருமார்கள் தலையைக் குனிந்தபடி முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள், எந்த வார்த்தை யாருக்கு விழுந்தது என்று தெரியாது. ஐயர் அவளிடம் வந்ததும் நின்றார். நன்றாகக் குனிந்தார். அவள் தலையை நிமிர்த்தும் வரை காத்திருந்தார். அவள் கண்ணைப் பார்த்து, வாய் தெரிய, பைய ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பாத்திரத்தைக் கொடுத்தார். அப்புறம் தாயிடம் நகர்ந்தார். குனிந்த உடம்பு குனிந்தபடியே இருந்தது. அவளுக்கும் அப்படியே காத்திருந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கும், எனக்கு அப்பால் இருந்த எல்லாருக்கும் அப்படியே. அன்றைக்கு ஆராதனை முடிய உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

வெளியே வேப்பமர நிழலில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்துப் பிடித்துப் பேசினார்கள். முகத்துக்கு நேரே வந்து, வாயைப் பெரிதாகத் திறந்து பேசினார்கள். எல்லாருமே கத்தினார்கள், அதைச் சொல்லித் திருத்த அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. தாயைத் தேடினேன். அவள் கோயில் சுவரில் சாய்ந்து தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இனிமேல் என்ன அழுகை, பிள்ளைதான் வாங்கிவிட்டாளே என்றேன்.

"பிள்ளைக்கு அழல, வாத்தியாரம்மா" என்றாள். "கல்யாணமான நாள்லேருந்து அந்தக் கிராதியில முட்டுப்போடுதேன். 'உனக்காக'ன்னு அவுக சொல்லுதது சபைக்குப் பொதுவாச் சொல்லுததுன்னுல்லா நெனச்சேன். இன்னைக்கு எம் மொகத்தப் பாத்துச் சொன்னாவ. அது எனக்குன்னு இத்தன வருசமாத் தெரியாமப் போச்சே."